ஒட்டகத்தின் உடலில் பாலைவனத்தின் பங்கு எவ்வளவு?

பள்ளிப் பாடத்தில் ஒட்டகத்துக்கென்று ஒரு பட்டியல் உண்டு. மணலில் புதையாதிருக்க அகன்ற பாதம், தண்ணீர் கிடைக்காத நாளுக்குத் திமில், புழுதியைத் தடுக்க இரட்டை வரிசை இமைமயிர். 'பொருத்துக' வினாவுக்கு விடை எழுதியதுபோல ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே ஒரு பாலைவனச் சிக்கல் நிற்கும். மனப்பாடம் செய்யச் சுலபம்தான். ஆனால் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல், ஒட்டகம் சகாராவையும் அரபு மணலையும் காண்பதற்கு வெகுகாலம் முன்பே அதன் உடலில் வந்து சேர்ந்துவிட்டவை.

ஒட்டகக் குடும்பத்தின் பூர்விகம் வட அமெரிக்கா. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன், முயலைவிடச் சற்றே பெரிய புரோட்டிலோபஸ் அங்கே தழை கடித்துத் திரிந்தது. அடுத்து வந்த போப்ரோதீரியம் ஆட்டின் அளவு. தெற்கு டகோட்டாவின் மழை அரித்த மேடுகளில் அதன் எலும்புகள் நிறையக் கிடைக்கின்றன. காடு சுருங்கிப் புல்வெளி விரிந்த மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை) குடும்பம் பல கிளையாகப் பிரிந்தது. மானைப் போல மெலிந்த ஸ்டெனோமைலஸ் ஒருபக்கம், உயரத்துத் தழையை எட்டும் நெடுங்கழுத்து ஏபிகேமலஸ் இன்னொருபக்கம். (ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரை நாம் வேறொரு விலங்குக்குக் கொடுத்துவிட்டோம், உண்மையில் அது ஏபிகேமலஸுக்குத்தான் பொருந்தியிருக்கும்.)

சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் குடும்பம் அந்தக் கண்டத்தை விட்டு வெளியே வரவில்லை. அதன்பின் ஒரு கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அன்று இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குள் நுழைந்தது. இன்றைய ஒற்றைத்திமில், இருதிமில் ஒட்டகங்கள் அந்தக் கிளையின் வாரிசுகள். இன்னொரு கிளை சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தியைக் கடந்து தென் அமெரிக்கா போனது. குவானாக்கோவும் விக்குன்யாவும், அவற்றிலிருந்து மனிதர் பழக்கிய லாமாவும் அல்பாகாவும் அந்த வழி. சொந்த மண்ணில் எஞ்சியிருந்த கடைசி ஒட்டகமான கேமலாப்ஸ், கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. பெற்ற ஊரில் வீடு இல்லை, போன ஊரிலெல்லாம் குடும்பம் தழைத்தது.

ஆகவே இன்று ஒரே குடும்பம் வெப்பப் பாலையிலும், கோபி போன்ற குளிர்ப் பாலையிலும், ஆண்டிஸ் மலையின் 4,000 மீட்டர் உயரப் புல்வெளியிலும், தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவின் காற்றடிக்கும் புதர்க்காட்டிலும் இருக்கிறது. எது எந்த நிலத்துக்காக வந்தது என்று பிரித்துப் பார்க்க இது நல்ல வாய்ப்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த உறுப்பு வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது? ஒட்டகத்துக்கும் லாமாவுக்கும் பொதுவாக இருந்தால், பெரும்பாலும் அது இரு கிளைகளும் பிரிவதற்கு முந்தையது. அந்தப் பிரிவு வட அமெரிக்காவிலேயே ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் நடந்துவிட்டது. மாட்டுக்கும் மானுக்கும்கூட இருந்தால் இன்னும் பழையது. ஒரு கிளையில் மட்டும் இருந்தால், பிறகு வந்த நிலத்தின் கைவேலை என்று சந்தேகிக்கலாம்.

மூளையைக் குளிர்விக்கும் ரத்த வலையிலிருந்து தொடங்கலாம். வெயிலில் ஒட்டகத்தின் உடல் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் மூளை அந்தச் சூட்டை எட்டாது. மூளைக்குப் போகும் தமனி, மண்டையோட்டின் அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களாகப் பிரிந்து, மூக்கிலிருந்து குளிர்ந்து திரும்பும் ரத்தத்தின் நடுவே ஊடுருவிப் போகிறது. சூடு அங்கே கைமாறிவிடும். பாலைவனத்துக்கென்றே செய்ததுபோல் தோன்றும். ஆனால் இதே வலை ஆடு, மாடு, மான், பன்றி என இரட்டைக் குளம்பினத்தில் ஏறத்தாழ எங்கும் உண்டு. குதிரைக்குக் கிடையாது. எனவே இது ஒட்டகம் என்ற விலங்கு தோன்றும் முன்பே கையில் இருந்த முதல்.

அடுத்தது ரத்தச் சிவப்பணு. பாலூட்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அது வட்டத் தட்டு. ஒட்டகக் குடும்பத்துக்கு மட்டும் நீள்வட்டம். தண்ணீரில் ஊறினால் பெரும்பாலான விலங்குகளின் சிவப்பணு ஒன்றரை மடங்கு உப்பியதும் வெடித்துவிடும். ஒட்டகத்துடையது 2.4 மடங்கு வரை தாங்கும். தாகித்த ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்தும் பிழைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. மாட்டுக் கன்றை நெடுநேரம் தாகத்தில் விட்டுப் பின் தொட்டியில் இஷ்டத்துக்குக் குடிக்கவிட்டால் என்ன ஆகும் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ரத்தம் நீர்த்துப்போய், அணுக்கள் உடைந்து, சிறுநீர் சிவப்பாக இறங்கும். சரி, அப்படியானால் நீள்வட்ட அணு பாலைவனப் பரிசா? லாமாவுக்கும் விக்குன்யாவுக்கும் அதே வடிவம்தான். விக்குன்யா தினமும் நீர்நிலை தேடிப் போய்க் குடிக்கிற விலங்கு. 100 லிட்டரை ஒரே மூச்சில் குடிக்கும் தேவை அதற்கு ஒருநாளும் வந்ததில்லை. வடிவம் முதலில் வந்தது. பாலைவனத்தில் அதற்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது.

இதே வரிசையில் இன்னொன்றும் உண்டு, இதற்கு நிலத்தோடு சம்பந்தமே தெரியவில்லை. வழக்கமான நோயெதிர்ப்புப் புரதத்தில் கனச் சங்கிலி இரண்டும் லேசான சங்கிலி இரண்டும் இருக்கும். ஒட்டகக் குடும்பம் அதோடு கூடவே, கனச் சங்கிலி மட்டும் கொண்ட ஒரு வகையையும் தயாரிக்கிறது. பிரஸ்ஸல்ஸில் ரேமண்ட் ஹாமர்ஸ் குழு இதை 1993-ல் வெளியிட்டது. ஒட்டகம், லாமா இரண்டிலும் இருக்கிறது, அதனால் பழையது. அதிலிருந்து உருவான மருந்துகள் இன்று புழக்கத்தில் உள்ளன. எல்லா உறுப்பையும் வாழிடத்தோடு முடிச்சுப் போடத் துடிக்கிறவர்கள் இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதம்

போப்ரோதீரியம் கிட்டத்தட்ட மானைப் போல விரல் நுனியில் நின்றது. பிந்தைய ஒட்டகங்களில் விரல்கள் சாய்ந்து படுத்தன. அடியில் கொழுப்பும் மீள்திசுவும் கொண்ட மெத்தை வந்தது. குளம்பு நகமாகச் சுருங்கியது. இந்த மாற்றம் நடந்த இடம் மணல் கிடையாது, மயோசீன் காலத்து வட அமெரிக்கத் திறந்தவெளி. மாற்றத்தோடு கூடவே வந்தது ஒட்டகத்தின் விசித்திர நடை: ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நகரும். கால் நீளமான விலங்குக்கு இதில் லாபம் உண்டு. பின்கால் முன்காலில் இடிக்காது, எட்டு நீளும். நஷ்டமும் உண்டு. உடல் பக்கவாட்டில் ஆடும், நிலைதடுமாறும். ஒட்டகச் சவாரியில் வயிறு புரட்டுவது இதனால்தான். அந்த ஆட்டத்தைச் சமாளிக்க அகன்ற பாதம் உதவியது. மணலில் புதையாமை பிறகு கிடைத்த உபரி.

இரு கிளைகளும் இதே மெத்தையை எப்படித் திருத்திக்கொண்டன என்பது சுவையானது. ஒட்டகத்தில் இரண்டு விரலும் ஒரே அகலத் தட்டின்மேல் அமர்கின்றன, பாரம் ஏறினால் தட்டு விரியும். லாமாவிலும் விக்குன்யாவிலும் ஒவ்வொரு விரலுக்கும் தனி மெத்தை, விரல்கள் தனித்தனியே அசையும், பாறையின் மேடுபள்ளத்தைப் பற்றும். மூலப்பொருள் ஒன்று, வெட்டித் தைத்தது வேறு. இந்த மெத்தைக்கு ஆகாத தரை ஈரக் களிமண். குளம்பு சேற்றில் குத்திப் பிடிக்கும்; மெத்தைக்குக் குத்தும் விளிம்பு இல்லை. வழுக்கும்போது கால்கள் பக்கவாட்டில் அகன்று இடுப்பும் தொடையும் காயப்படும். ஒட்டகம் வளர்ப்பவர்கள் மழைநாளில் அதைப் பாரத்தோடு நடத்தத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

பனிக்காட்டு ஒட்டகம்

கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு. அங்கே ஸ்ட்ராத்கோனா ஃபியார்டு அருகே 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் புதைபடிவ ஆய்வாளர் நடாலியா ரிப்சின்ஸ்கி குழுவினர் சுமார் 30 எலும்புத் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். முதலில் பார்த்தால் மரச்சிராய்போல இருந்தன. சேர்த்துப் பார்த்ததில் ஒரு பெரிய விலங்கின் கீழ்க்கால் எலும்பு. குளிரில் கொல்லாஜன் புரதம் அழியாமல் இருந்ததால், மான்செஸ்டரில் அதன் துண்டுகளை இன்றைய பாலூட்டிகளின் கொல்லாஜனோடு ஒப்பிட்டார்கள். விடை ஒட்டகம் என்று வந்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி எலும்பின் வயது குறைந்தது 34 லட்சம் ஆண்டு. விலங்கு இன்றைய ஒட்டகத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு பெரியது. பெரிங் பாலத்தைக் கடந்த பாராகேமலஸ் கிளையின் உறவு அது.

அப்போது அந்தத் தீவு இன்றைக்குப் போல வெறும் பனிப்பாறை இல்லை. லார்ச் மரங்கள் நின்ற காடு. ஆனாலும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருந்தது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாது. இந்த இடத்தில் நிறுத்தி, பாடப் பட்டியலை மறுபடி வாசியுங்கள். அகன்ற பாதம் பனியில் புதையாமல் நடக்கவும் உதவும். கொழுப்புச் சேமிப்பு தழை இல்லாத நீண்ட குளிர்காலத்துக்கும் ஆகும். பெரிய கண் மங்கல் வெளிச்சத்துக்கும் தோதானது. திமில் எலும்பில்லாத கொழுப்பு, புதைபடிவமாகாது. அதனால் எல்ஸ்மியர் ஒட்டகத்துக்குத் திமில் இருந்ததா என்பதை எலும்பு சொல்லாது. ஆனால் திமில் வெயிலுக்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அத்தோடு போயிற்று.

திமிலில் தண்ணீர் இருக்கிறது என்பதை இப்போது யாரும் நம்புவதில்லை. 'கொழுப்பை எரித்தால் தண்ணீர் வருமே' என்ற அடுத்த கட்ட நம்பிக்கை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 1.07 கிராம் நீர் உண்டாகும், சரி. அதை எரிக்க 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஆக்சிஜனாக உறிஞ்சுவதாகக் கொண்டால் 40 லிட்டர் காற்றை மூச்சுவிட வேண்டும். 37 டிகிரியில் ஈரம் நிறைந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் 44 மில்லிகிராம் நீரைக் கொண்டுபோகும். 40 லிட்டருக்கு 1.76 கிராம். வறண்ட காற்றில் வரவு 1.07, செலவு 1.76. திமில் தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் ஓட்டைத் தொட்டிதான். அது உணவுச் சேமிப்பு. நல்ல தீனி கிடைத்த ஒட்டகத்தில் 30 கிலோவுக்கு மேலும் சேரும். கொழுப்பை உடல் முழுக்கத் தோலடியில் பரப்பாமல் முதுகில் ஓரிடத்தில் குவித்ததால் மற்ற இடத்துத் தோல் வழியே சூடு எளிதாக வெளியேறும். வெப்ப நிலத்தில் கிடைத்த கூடுதல் ஆதாயம் இது.

பாலைவனம் உண்மையில் செய்தது

பாலைவனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதன் வேலை பெரும்பாலும் உறுப்பின் வடிவத்தில் தெரிவதில்லை, உடலை நடத்தும் முறையில் தெரிகிறது. உடலியங்கியல் ஆய்வாளர் நுட் ஷ்மிட்-நீல்சன் 1950களில் அல்ஜீரியாவின் பெனி அப்பஸில் ஒட்டகங்களை அளந்து பார்த்ததிலிருந்து இது தெளிவானது.

தண்ணீர் கிடைக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பம் நாளில் 2 டிகிரி அளவே ஏறி இறங்கும். தாகத்தில் விட்டால் விடியற்காலை 34, பிற்பகல் 40க்கு மேல். மனிதனுக்கு இது கடும் காய்ச்சல். ஒட்டகத்துக்குச் சேமிப்புத் திட்டம். 500 கிலோ உடல் 6 டிகிரி சூடேற ஏறத்தாழ 2,500 கிலோகலோரி உள்ளே போகும். இதை வியர்த்து வெளியேற்ற வேண்டுமானால், ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக 580 கிலோகலோரி என்ற கணக்கில், நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். ஒட்டகம் அந்தச் சூட்டை உடலிலேயே வைத்திருந்து, இரவில் குளிர்ந்த வானத்துக்கு இலவசமாகத் திருப்பித் தருகிறது. இந்த உத்தி பலிப்பதற்கு உடல் பெரிதாக இருக்க வேண்டும். தார் பாலைவனத்தில் அதே வெயிலில் வாழும் பாலை எலி சில நிமிடத்திலேயே கொதித்துவிடும். அதனால் அது வளைக்குள் போய்விடுகிறது. வடக்கின் குளிரில் சூட்டைக் காக்கப் பயன்பட்ட பெரிய உடல், தெற்கின் வெயிலில் சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தப் பயன்பட்டது.

ரோமமும் அப்படித்தான். வெயில் காலத்திலும் ஒட்டகத்தின் முதுகில் ரோமம் தடித்தே இருக்கும். பாவம் என்று மழித்துவிட்டால் நீரிழப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடிவிடுகிறது. ரோமத்தின் மேற்பரப்பு தகிக்கும், தோல் தகிக்காது. வியர்வை தோலோடு ஒட்டி ஆவியாகிறது.

மூக்கில் நடப்பது இன்னும் நுட்பமானது. மூக்கெலும்புச் சுருள் எல்லாப் பாலூட்டிக்கும் உண்டு. ஒட்டகத்தில் அது மிக நெருக்கமாகச் சுருண்டு பெரும் பரப்பாக விரிகிறது. இரவின் குளிர்காற்று உள்ளே போகும்போது சுருள் குளிர்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று அதன்மேல் பட்டு ஈரத்தை அங்கேயே உதிர்க்கிறது. தாகித்த ஒட்டகத்தில் உலர்ந்த சளிப்படலமும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், வெளிவரும் மூச்சு முழு ஈரத்தோடுகூட இருப்பதில்லை. மேலே போட்ட கணக்கில் 44 மில்லிகிராம் என்பதை 25 டிகிரிக் காற்றின் 23 ஆக மாற்றிப் பாருங்கள்: செலவு 0.92 கிராமாக இறங்கி, வரவு லேசாக மிஞ்சுகிறது. பகல் வெயிலில் இந்த ஏற்பாடு செல்லாது. உள்ளே வரும் காற்றே சூடாக இருந்தால் சுருள் எதைக் கொண்டு குளிரும்?

சிறுநீரைச் சிறுநீரகம் ரத்த நீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு செறிவாக்கும். மனிதனால் நான்கு மடங்குதான் முடியும். தீனியில் புரதம் குறைந்தால் யூரியாவைக்கூட வெளியே விடாது. வயிற்றின் முதல் அறைக்குத் திருப்பி அனுப்பி, அங்குள்ள நுண்ணுயிரிகளைக் கொண்டு மறுபடி புரதமாக்கிக்கொள்ளும். இத்தனையும் சேர்ந்து உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை நீராக இழந்தும் ஒட்டகம் நடமாடுகிறது. இழப்பு பெரும்பாலும் திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் போகிறது. ரத்த நீர் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. மனிதன் வெயிலில் சாவது ரத்தம் கெட்டியாகி, உட்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர முடியாமல் போவதால். ஒட்டகம் அந்தக் கட்டத்தையே தள்ளிப்போடுகிறது.

கோபியின் காட்டு இருதிமில் ஒட்டகம் இன்னொரு திருத்தம். கோடையில் 40 டிகிரி, குளிரில் உறைநிலைக்குக் கீழ் 40 டிகிரி. குளிர்கால ரோமம் வசந்தத்தில் கம்பளித் துண்டுகளாகப் பிய்ந்து தொங்கும். உவர்நீரைக் குடித்தும் பிழைக்கிறது. வீட்டு ஒட்டகத்தின் மூதாதை என்று நெடுங்காலம் கருதப்பட்டது, டி.என்.ஏ. அதைத் தனி இனமாகக் காட்டியது. மிஞ்சியிருப்பவை சுமார் ஆயிரம்தான்.

மலைக்குப் போன கிளை

4,500 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. சமவெளி மனிதன் அங்கே போனால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கும். அளவு மீறினால் ரத்தம் குழம்பாகி, தலைவலி, மூச்சுத்திணறல், இதயச் சுமை என நோயாகிவிடும். பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920களில் விவரித்த நாள்பட்ட மலைநோய் இதுதான். லாமாவின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கொள்ளளவில் சுமார் 30 விழுக்காடுதான். அது ரத்தத்தில் அணுக்களின் பங்கைக் கூட்டாமல், ஆக்சிஜன்மேல் உள்ள பிடியை மாற்றிக்கொண்டது.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் பிபிஜி என்ற சிறு மூலக்கூறு ஒட்டினால் ஆக்சிஜன்மேல் அதன் பிடி தளரும். ஒட்டும் இடத்தில், பீட்டா சங்கிலியின் இரண்டாம் இடத்தில், மனிதனுக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஆண்டிஸ் வகை நான்கிலும் அங்கே அஸ்பராஜின். அந்த ஒரு மாற்றத்தால் பிபிஜி சரியாக ஒட்டாது, பிடி இறுகும். விக்குன்யாவுக்குக் கூடுதலாக ஆல்ஃபா சங்கிலியிலும் ஒரு மாற்றம், பிடி இன்னும் பலம். இங்கேயும் அதே கேள்வி: வேறு யாருக்கு இருக்கிறது? குவானாக்கோ படகோனியாவில் கடற்கரைவரை இறங்கி வாழ்கிறது, அதற்கும் இருக்கிறது. ஆக, பீட்டா மாற்றம் நான்கு வகைக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. உயரத்தில் நிரந்தரமாகக் குடியேறிய விக்குன்யாவில் மேல்திருத்தம் நடந்தது.

விக்குன்யாவிடம் மலைக்கே உரிய வேறு வேலைகளும் உண்டு. தரையோடு ஒட்டிய முரட்டுப் புல்லைக் கடிப்பதால் கீழ்ப் பற்கள் தேயும். எலிக்கு வளர்வதுபோல அவை வளர்ந்துகொண்டே இருக்கும். ரோமத்தின் தடிமன் 12, 13 மைக்ரான். பகலில் சுடும் வெயிலும் இரவில் உறைபனியும் உள்ள இடத்தில் இந்த நுண்ரோமம் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் ரோமம் அரிது. சூடானால் காலை அகட்டி நின்று அந்தச் சன்னலைத் திறக்கும், குளிர்ந்தால் மடக்கிப் படுத்து மூடும்.

நிலத்துக்கும் விலங்குக்கும் உள்ள பொருத்தம் வந்தபின் தெரிவது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குஜராத்தின் கச்சு வளைகுடாவில் காராய் என்ற ஒட்டக வகை கடலில் நீந்தி அலையாத்தித் திட்டுகளுக்குப் போய் வெண்கண்டல் தழையை மேய்கிறது. 2015-ல் தனி வளர்ப்பினமாகப் பதிவானது. பாலைவனக் கப்பலுக்குச் சதுப்புக்காட்டில் என்ன வேலை என்று தோன்றலாம். அலையாத்தி இலையில் உப்பு அதிகம். ஒட்டகத்துக்கு மற்றக் கால்நடைகளைவிடப் பல மடங்கு உப்பு தேவை, குறைந்தால் தோலில் புண்ணும் கால் நொண்டலும் வரும். உப்பைச் செறிவாக வெளியேற்றும் சிறுநீரகம் ஏற்கெனவே உண்டு. திட்டில் சில நாள் மேய்ந்துவிட்டு, நல்ல தண்ணீருக்குக் கரைக்கு நீந்தி வருகின்றன.